பனிக்கண்டத்துக் கதையும் நம்ம தோட்டத்துக் கதையும்



பதிவு கொஞ்சம் நீளம். பசியாறிட்டு, கோப்பி கலக்கி வச்சுக்கிட்டுப் படிங்க.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, அன்னதானப் பாத்திரமெல்லாம் கழுவி வைத்த பிறகு, நாங்கள் சில தொண்டர்கள் மண்டபத்தில் உட்கார்ந்து டாக்குமெண்டரி பார்ப்பது உங்களில் பல பேருக்குத் தெரியும். இப்போது சில மாதமாக நாங்கள் விடாமல் பார்ப்பது தென்துருவத்துக்குப் போனவர்களின் கதை. "சாமி படம் போடாம இது என்ன பனிப்படம்? ஐஸ் கச்சாங் தவிர வேற ஐஸ் பார்க்காத ஊருல இது எதுக்கு?" என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் போட முடியாது என்பதால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் இந்தப் படங்கள் எப்படி வந்தன என்று சொல்லிவிடுகிறோம். 1910ல் இங்கிலாந்திலிருந்து கேப்டன் ஸ்காட் 'டெர்ரா நோவா' கப்பலில் புறப்பட்டபோது, ஹெர்பர்ட் பாண்டிங் என்ற புகைப்படக்காரரைக் கூடவே கூட்டிப் போனார். பாண்டிங் சினிமா கேமராவும் கொண்டுபோனார். கரையோர முகாமில் ஸ்காட்டும் மூன்று நண்பர்களும் சறுக்குவண்டி இழுப்பது, கூடாரம் போடுவது, அடுப்பு மூட்டி சமைப்பது, தூங்கும் பைக்குள் நுழைவது எல்லாவற்றையும் படம் பிடித்தார். பாதை முழுக்க கேமரா தூக்கிப் போக முடியாது இல்லீங்களா, அதனால் அங்கே எப்படி இருப்போம் என்று முன்கூட்டியே செய்து காட்டினார்கள். படத்தில் அவர்கள் சிரிக்கிறார்கள். அந்த நாலு பேரும் திரும்பி வரவில்லை. பாண்டிங் 1912 தொடக்கத்திலேயே கப்பலேறி ஊர் திரும்பியதால் அது தெரியாமலே போனார். பிறகு அந்தப் படச்சுருளை வைத்து 1924லும் 1933லும் படம் வெளியிட்டார். இன்றைக்கு நாம் பார்க்கும் எந்த டாக்குமெண்டரியிலும் அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சிகள் வந்துவிடும். அந்தக் கூடாரச் சிரிப்பு வரும்போது நம்ம மண்டபத்தில் யாரும் பேசுவதில்லை.

ஸ்காட் கதை உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். நார்வேக்காரர் அமுண்ட்சன் 1911 டிசம்பர் 14ல் தென்துருவத்தில் கொடி நட்டார். ஸ்காட்டும் நாலு பேரும் 1912 ஜனவரி 17ல் போய்ச் சேர்ந்தபோது அங்கே நார்வே கொடி ஆடிக்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழியில் ஐந்து பேரும் இறந்தார்கள். கடைசி மூன்று பேர் கிடந்த கூடாரத்துக்கும் அடுத்த உணவுக் கிடங்குக்கும் இடையில் இருந்த தூரம் ஏறக்குறைய 18 கிலோமீட்டர்தான். யோங் பெங் டவுனிலிருந்து பக்கத்து ஊருக்குப் போகிற தூரம். புயல் விடவில்லை.

தொண்டு செய்கிறவர்கள் இதில் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன விஷயம் இருக்கிறது: எண்ணெய் டின். வழியில் ஒவ்வொரு கிடங்கிலும் ஸ்காட் மண்ணெண்ணெய் டின் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் டின்னில் எண்ணெய் குறைந்திருந்தது. மூடியில் போட்ட தோல் வளையம் கடுங்குளிரில் கெட்டு, எண்ணெய் கசிந்து ஆவியாகிவிட்டது. எண்ணெய் இல்லையென்றால் பனியை உருக்கிக் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடையாது. அமுண்ட்சனோ தன் டின்களை ஈயம் வைத்துப் பற்ற வைத்து அடைத்திருந்தார். அதோடு அவர் 1903லிருந்து இரண்டு வருடம் வடதுருவப் பக்கம் இனுயிட் மக்களோடு பழகி, தோல் உடை உடுத்துவதும் நாய் வண்டி ஓட்டுவதும் கற்றுக்கொண்டவர். அந்த மண்ணின் மக்களிடம் தலைவணங்கிப் பாடம் கேட்டவர் உயிரோடு வீடு திரும்பினார். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னே நெய் டின்னைத் தட்டிப் பார்க்கும் நம்ம மடப்பள்ளி அம்மாமார் இதைக் கேட்டால், "இதைத்தானே நாங்க வருசா வருசம் சொல்றோம்" என்பார்கள்.

இந்தக் கதையில் நம்ம பக்கத்து ஜீவன்களும் உண்டு. இரண்டாம் வருடப் பயணத்துக்கு ஸ்காட் கேட்டிருந்தபடி, இந்திய அரசாங்கம் ஏழு கோவேறு கழுதைகளை அனுப்பி வைத்தது. இமயமலைப் பக்கம் பழக்கி எடுத்தவை. லால் கான், குலாப், பேகம், ராணி, பியாரி, கான் சாகிப், அப்துல்லா என்று பெயர். பனி வெளிச்சத்தில் கண் போகாமல் இருக்க அவற்றுக்கும் கண்ணாடி உண்டு! 1912 பிப்ரவரியில் அவை கப்பலில் வந்து இறங்கின. ஸ்காட் அப்போது துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இருந்தார். அவற்றைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. குளிர்காலம் முடிந்ததும் தேடிப் புறப்பட்ட கூட்டத்தோடு சுமை இழுத்துப் போனவை இந்தக் கழுதைகள்தான். 1912 நவம்பர் 12ல் பனியில் பாதி புதைந்த அந்தக் கூடாரத்தைக் கண்டுபிடித்த கூட்டத்தில் அவையும் நின்றன. இறந்தவர்களில் பவர்ஸ் இந்தியக் கடற்படைப் பிரிவில் வேலை செய்தவர், பர்மாவில் ஐராவதி ஆற்றில் படகு ஓட்டியவர். ஓட்ஸ் இந்தியாவில் குதிரைப் படையில் இருந்தவர். காலில் உறைபனிப் புண் முற்றி, தன்னால் மற்றவர்கள் தாமதமாகிறார்கள் என்று தெரிந்ததும், புயலுக்குள் எழுந்து வெளியே போய்விட்டவர் அவர்தான். போனவர் போனவர்தான், உடல்கூடக் கிடைக்கவில்லை.

கூடாரத்துப் பக்கம் கிடந்த சறுக்குவண்டியில் 16 கிலோ கல் இருந்தது. சாகிற நிலையிலும் இறக்கி வைக்காமல் இழுத்து வந்த கல். அந்தக் கல்லில் 'குளோசோப்டெரிஸ்' என்ற பழங்காலச் செடியின் இலை அச்சு இருந்தது. அதே இலை அச்சு இந்திய நிலக்கரிப் பாறைகளில் ஏற்கனவே கிடைத்த ஒன்று. பனிக்கண்டம், இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்த ஒரே நிலம் என்பதற்கு அது ஒரு பெரிய சாட்சி. அந்தப் பழைய நிலத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'கோண்ட்வானா', நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயர். ஆக, நமக்கும் பனிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பனி என்றால் நமக்கு நினைவு வருவது கைலாயம். பெரிய புராணத்தில் அப்பர் பெருமான் கைலாயம் புறப்பட்ட கதையை நம்ம வீட்டுப் பிள்ளைகள் தேவார வகுப்பில் படிக்கிறார்கள். கால் தேய்ந்தது. கையால் ஊன்றிப் போனார், கையும் தேய்ந்தது. மார்பால் ஊர்ந்தார், அதுவும் முடியாமல் உருண்டார். முனிவர் வேடத்தில் சிவபெருமான் வந்து, மானிடரால் அங்கே போக முடியாது, திரும்பிப் போ என்றார். அப்பர் மறுத்தார். பிறகு கட்டளை வந்ததும் பணிந்து, காட்டிய பொய்கையில் மூழ்கி, திருவையாற்றில் எழுந்தார். கைலாயக் காட்சி அங்கேயே கிடைத்தது.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு ஷேக்கல்டன் கதையைப் பாருங்க. ஸ்காட்டுக்கு முன்பே, 1909 ஜனவரி 9ல், ஷேக்கல்டனும் மூன்று பேரும் தென்துருவத்துக்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தூரத்தில் நின்றார்கள். அதுவரை அவ்வளவு தெற்கே யாரும் போனதில்லை. இன்னும் சில நாள் நடந்தால் உலகப் புகழ். ஆனால் கையில் இருந்த சாப்பாட்டுக் கணக்குப்படி துருவத்தைத் தொட்டுவிடலாம், உயிரோடு திரும்ப முடியாது. ஷேக்கல்டன் திரும்பினார். நாலு பேரும் பிழைத்தார்கள். செத்த சிங்கத்தைவிட உயிரோடு இருக்கும் கழுதை மேல் என்று மனைவியிடம் சொன்னதாகச் சொல்வார்கள். காவடி எடுக்கிற நமக்கு உடம்பை வருத்துவது புதுசு இல்லை. ஆனால் 'போதும், திரும்பு' என்று மனசு சொல்லும்போது கேட்பதும் ஒரு விரதம்தான். அது சுலபமில்லை.

அதே ஷேக்கல்டன் 1914 டிசம்பரில் 'எண்டூரன்ஸ்' கப்பலில் மறுபடி புறப்பட்டார். 28 பேர். பனிக்கண்டத்தைக் குறுக்கே நடந்து கடப்பது திட்டம். கரை தொடும் முன்பே, 1915 ஜனவரியில், கடல் பனி கப்பலைப் பிடித்துக்கொண்டது. பத்து மாதம் அசையவில்லை. கடைசியில் பனி நெருக்கி நெருக்கிக் கப்பலை நொறுக்கியது. அக்டோபர் 27ல் எல்லாரும் பனிமேல் இறங்கினார்கள். நவம்பர் 21ல் கப்பல் மூழ்கியது. மிதக்கும் பனிப்பாளத்தின் மேல் மாதக்கணக்கில் கூடாரம். ஆளுக்கு இவ்வளவு எடைதான் சாமான் என்று ஷேக்கல்டன் கட்டுப்பாடு போட்டார்; தங்கக் காசையே பனியில் வீசியெறிந்து காட்டினார். ஆனால் ஹஸ்ஸி என்பவரின் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை மட்டும் விட வேண்டாம், அது மனசுக்கு மருந்து என்று சொல்லி எடுத்துக்கொள்ளச் சொன்னார். லயத்தில் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரி உறுமி மேளமும் பஜனையும் வைத்துக்கொண்ட நம்ம ஆட்களுக்கு இது புரியும்.

1916 ஏப்ரலில் மூன்று சின்னப் படகுகளில் எலிஃபண்ட் தீவு என்ற பாறைத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே யாரும் தேடி வரமாட்டார்கள். அதனால் ஷேக்கல்டனும் ஐந்து பேரும் ஏழு மீட்டர்கூட இல்லாத ஒரு படகில், உலகத்திலேயே மோசமான கடலில், ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் போனார்கள். சவுத் ஜார்ஜியா தீவைத் தொட்டார்கள், ஆனால் தப்பான பக்கத்தில். திமிங்கில வேட்டைக்காரர்களின் முகாம் மலைக்கு அந்தப் பக்கம். ஷேக்கல்டன், வோர்ஸ்லி, கிரீன் மூன்று பேரும் படம்கூட இல்லாத பனிமலையை 36 மணி நேரம் தூங்காமல் நடந்து கடந்தார்கள். பூட்ஸில் ஆணி அடித்துக்கொண்டு போனார்கள்.

அந்த நடையைப் பற்றி ஷேக்கல்டன் பிற்பாடு தன் புத்தகத்தில் ஒரு விஷயம் எழுதினார். மூன்று பேர் நடந்தபோதும், கூடவே இன்னொருவர் வருவதுபோல அவருக்குப் பல தடவை தோன்றியதாம். அப்போது யாரிடமும் சொல்லவில்லை. பிறகு பார்த்தால் மற்ற இரண்டு பேருக்கும் அதே உணர்வு இருந்திருக்கிறது. களைப்பினால் மூளை செய்யும் வேலை என்று மருத்துவர்கள் சொல்லலாம். நாங்கள் வாதம் பண்ண வரவில்லை. முருகனை வழித்துணை என்று கும்பிடும் நமக்கு, அந்த இடம் வரும்போது கை தானாகக் கூப்புகிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

எலிஃபண்ட் தீவில் மிச்சம் 22 பேர். கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளுக்கு அடியில் நாலரை மாதம் இருந்தார்கள். சீல், பெங்குவின் கறிதான் சாப்பாடு. பிளாக்பரோ என்ற பையனுக்கு அங்கேயே கால் விரல்களை அறுவை செய்து எடுத்தார்கள். பொறுப்பில் இருந்த ஃபிராங்க் வைல்ட் தினமும் காலையில், இன்றைக்குத் தலைவர் வரலாம், படுக்கையைச் சுருட்டி வையுங்கள் என்று சொல்வாராம். நூறு நாளுக்கு மேல் தினமும். 1916 ஆகஸ்டு 30ல், நாலாவது முயற்சியில், சிலி நாட்டின் 'யெல்ச்சோ' கப்பலில் ஷேக்கல்டன் வந்தார். 22 பேரும் உயிரோடு இருந்தார்கள். ஆனால் கண்டத்தின் மறுபக்கத்தில் அவருக்காக உணவுக் கிடங்கு வைக்கப் போன இன்னொரு குழுவில் மூன்று பேர் இறந்துபோனார்கள். பல படங்கள் இதை அரை நிமிடத்தில் தாண்டிவிடும். அவர்களையும் சேர்த்து நினைப்பதுதான் முறை.

இதில் நாங்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த இடம் வேறு. கப்பல் நொறுங்கியபோது படம்பிடிப்பவர் ஃபிராங்க் ஹர்லி, சட்டையைக் கழற்றிவிட்டு உறைபனித் தண்ணீருக்குள் இறங்கி, மூழ்கிக் கிடந்த டின்களைத் தூக்கி வந்தார். உள்ளே அவர் எடுத்த படங்களின் கண்ணாடித் தட்டுகள். எல்லாவற்றையும் சுமக்க முடியாது. ஹர்லியும் ஷேக்கல்டனும் பனிமேல் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார்கள். ஏறக்குறைய 120 தட்டுகளை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 400 தட்டுகளை அங்கேயே உடைத்தார்கள். வேண்டாததை உடைத்துப் போட்டால்தான் பிறகு மனசு மாறி எடுக்கப் போகமாட்டோம் என்ற எண்ணம். சாப்பாட்டுக்கே வழியில்லாத நேரத்தில் அந்த 120 தட்டையும் ஒரு சினிமாச் சுருளையும் காப்பாற்றினார்கள். அதனால்தான் 1919ல் படம் வந்தது, அதனால்தான் நூறு வருடம் கழித்து யோங் பெங்கில் நாம் பார்க்கிறோம். 2022 மார்ச் 5ல் கடலடியில் 3,008 மீட்டர் ஆழத்தில் அந்தக் கப்பலே கிடைத்துவிட்டது, பெயர் எழுத்துகூட அழியாமல்.

நம்ம ஆட்களும் பனிக்குப் போகாமல் இல்லை. 1982 ஜனவரி 9ல், ஷேக்கல்டன் திரும்பிய அதே தேதியில், டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதல் இந்தியக் குழு பனிக்கண்டத்தில் இறங்கியது. அடுத்து அமைத்த நிலையத்துக்குப் பெயர் 'தட்சிண கங்கோத்ரி', தெற்குக் கங்கோத்ரி. அது பனியில் புதைந்ததும் 'மைத்ரி', பிறகு 2012ல் 'பாரதி'. அதே 1982ல் நம்ம பிரதமர் மகாதீர் ஐ.நா. சபையில், அந்தக் கண்டம் சில நாடுகளுக்கு மட்டும் சொந்தமில்லை என்று பேசினார். 2011ல் மலேசியாவும் அண்டார்டிகா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாகக் கால் வைத்த மலேசியர்கள் யார்? 1997 மே 23ல் ஏறிய எம். மகேந்திரனும் என். மோகனதாசும். இரண்டு பேரும் நம்ம தமிழர்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்க.

இனிதான் நாங்கள் சொல்ல வந்த விஷயம்.

ஸ்காட் கப்பலேறிய அதே 1910ல் ரப்பர் விலை உச்சத்தில் இருந்தது. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். ஆவடி முகாமிலும் நாகப்பட்டினம் முகாமிலும் காத்திருந்து நம்ம முன்னோர் கப்பலேறினார்கள். பினாங்கில் இறங்கியவர்களைப் புலாவ் ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்துப் பிறகுதான் வெளியே விட்டார்கள். அவர்கள் போனதும் தெரியாத நாடு. காடு, மலேரியா, அட்டை, புலி. அவர்களுக்கும் குழந்தைகள் வழியில் செத்தன, அவர்களும் பாட்டு பாடி மனசைத் தேற்றினார்கள். அவர்களோடு ஒரு பாண்டிங்கோ ஹர்லியோ வரவில்லை.

அதற்குப் பிறகு சயாம். 1942லிருந்து 1943 வரை ஜப்பானியர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலரா, பட்டினி, அடி. வெள்ளைக்காரக் கைதிகள் ஒளித்து வைத்து டைரி எழுதினார்கள், படம் வரைந்தார்கள். காஞ்சனபுரியில் அவர்களுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக, பெரும்பாலும் பெயர் பொறித்து இருக்கின்றன. 1957ல் அவர்கள் கதை ஹாலிவுட் படமாகவும் வந்தது. நம்ம ஆட்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்று உறுதியான கணக்கு இன்றுவரை இல்லை. ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி போன்ற நம்ம எழுத்தாளர்கள் நாவலாக எழுதியிருக்காவிட்டால் நம்மிலேயே பல பேருக்கு அது தெரிந்திருக்காது.

யாருடைய கஷ்டம் பெரிசு என்று தராசு வைக்க நாங்கள் இதை எழுதவில்லை. பனியில் போனவர்கள் விரும்பிப் போனார்கள், நம்மவர்கள் வயிற்றுக்காகப் போனார்கள், சயாமுக்கோ இழுத்துப் போகப்பட்டார்கள். கஷ்டத்தில் இரண்டும் கஷ்டமே. ஆனால் ஒன்றுக்குக் கண்ணாடித் தட்டு இருக்கிறது, ஒன்றுக்கு இல்லை. நூறு வருடம் கழித்து எதை உலகம் உட்கார்ந்து பார்க்கிறது என்பதை அந்தத் தட்டுதான் முடிவு செய்கிறது.

நம்ம கோயிலுக்கு வரும் எண்பது, தொண்ணூறு வயதுப் பெரியவர்கள்தான் இப்போது நம்மிடம் மிச்சமிருக்கும் கண்ணாடித் தட்டு. சில தட்டுகள் ஏற்கனவே உடைந்துவிட்டன. போன வருடம் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லாரும் இந்த வருடம் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்க. அப்பா அம்மா எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கப்பல், ரஜுலாவா வேறயா, முதலில் எந்தத் தோட்டம், என்ன சம்பளம், வீட்டிலிருந்து யாராவது சயாமுக்குப் போனார்களா, தோட்டத்துக் கோயில் எங்கே இருந்தது, அந்த மூலவர் இப்போது எங்கே. கைப்பேசியில் குரலைப் பதிவு செய்தால் போதும், வீடியோ கூட வேண்டாம். பழைய படம் இருந்தால் பின்பக்கம் பென்சிலில் பெயரும் ஊரும் எழுதி வையுங்க. பழைய சிவப்புப் பாஸ்போர்ட், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, கோயில் வரவு செலவு நோட்டு எதையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீங்க. எப்படிப் பதிவு செய்வது என்று தெரியாதவர்கள் வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு எங்களிடம் வாங்க; நம்ம இளைஞர்கள் வீட்டுக்கே வந்து உதவி செய்வார்கள். பெரியவர் பேசச் சம்மதித்தால் மட்டும் பதிவு செய்வோம். அவர் வேண்டாம் என்று சொல்வதை வெளியே விடமாட்டோம்.

ஷேக்கல்டன் படம் வரும் வெள்ளிக்கிழமையும் போடுகிறோம். சுண்டலும் டீயும் உண்டு. பெரியவர்களைக் கையோடு கூட்டி வாங்க. படம் முடிந்ததும் விளக்கை உடனே போட்டுவிட்டுக் கிளம்பாமல், அவர்களைப் பேசச் சொல்லிக் கேட்போம்.

எல்லாரும் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
கோயில் தொண்டர்கள், யோங் பெங்